படுக்காமல் தூங்கியவள்

பக்கத்துக் கம்பெனியில் டீ மணி அடித்தால்தான் என் கிளினிக்கில் இதயம் கேட்கும்.

அருள்புரத்தில் எனக்கு வாய்த்த இடம் அப்படி. நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பனியன் கம்பெனி. மெஷின்கள் வரிசையாக ஓட ஆரம்பித்தால் என் மேஜை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அந்த நேரத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினால் கம்பெனி மோட்டார்தான் கேட்கும். அதனால் சளி, காய்ச்சல், வயிற்றுவலி எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் பார்ப்பேன். நெஞ்சு வைத்துப் பார்க்க வேண்டியவர்களை மட்டும் டீ நேரம் வரை உட்கார வைத்துவிடுவேன்.

"வேற நல்ல இடமாப் பார்த்துப் போயேன்" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குப் பிரசவம் பார்ப்பது தொழில். மாசமாக இருக்கிற பெண்கள் எல்லாம் இங்கே பனியன் கம்பெனியில் நிற்கும்போது நான் மட்டும் அமைதியான இடத்தில் உட்கார்ந்து யாருக்கு வைத்தியம் பார்ப்பதாம்?

அன்றைக்கும் டீ மணி அடித்தது. மோட்டார் நின்றது. நான் சுகன்யாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.

கொரோனா முடிந்து, கம்பெனிகளுக்கு மறுபடி ஆர்டர் வர ஆரம்பித்திருந்த சமயம் அது.

பயந்தவளும் பயப்படாதவளும்

சுகன்யாவை நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். அவளுடைய அம்மா ராமாத்தாள், மகளின் கையைப் பிடித்தபடி, மகளுக்கு முன்னால் தானே பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்களாமா. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. பொழுதோட காலு வீங்கிப் போவுது. நேத்து பாருங்க, உக்காந்து எந்திரிச்சவ அப்படியே கண்ணு இருட்டிட்டு வருதுங்கறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க."

கூட இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். ராமாத்தாளின் மருமகள் மஞ்சுளா. அவளுக்கும் ஏழாம் மாதம். ஒரே வீட்டில் மகளும் மருமகளும் ஒரே சமயத்தில் மாசமாக இருந்தார்கள். மஞ்சுளா தனக்காக வரவில்லை. நாத்தனாருக்குத் துணையாக வந்து, மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சுகன்யாவை நன்றாகப் பார்த்தேன். துடிப்பு கொஞ்சம் வேகம், ஆனால் ஒழுங்காக இருந்தது. இதயம் சுருங்குகிற சமயத்தில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அது சாதாரணம்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதே, கொஞ்சம் நின்னா சரியாயிடுதா?"

"ஆயிடுதுங்க."

"ராத்திரி?"

"குறட்டை விட்டுத் தூங்கறாளுங்க" என்றார் ராமாத்தாள்.

"காலையில எந்திரிக்கறப்ப கால் வீக்கம்?"

"வத்திப் போவுதுங்க."

"அப்ப ஒண்ணுமில்லை. வீட்டுக்குப் போயி மோர் குடி. எந்திரிக்கறப்ப மட்டும் மெதுவா எந்திரி."

ராமாத்தாளுக்கு நிம்மதி வந்ததா, ஏமாற்றம் வந்ததா என்று சொல்ல முடியாது. இவ்வளவு தூரம் பயந்துகொண்டு வந்தவருக்கு ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லையே நான்.

நான் செத்துப் போகப் பார்த்த கதை

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம், பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் செய்தார். "என் மகளுக்கு ஆறாம் மாசம், நெஞ்சு திடீர்னு ஒரு துடிப்பு விட்டுவிட்டுத் துடிக்கிறது, பயப்பட வேண்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணை நினைத்து இல்லை, என்னை நினைத்துத்தான்.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நான் படித்து முடித்த டாக்டர். பாடத்தில் இதெல்லாம் வரும், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். மாசமானால் உடம்பில் ரத்தம் ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடிவிடும். அத்தனையையும் தள்ள இதயம் வேகமாக ஓடும். மூச்சு ஆழமாகும். மல்லாந்து படுத்தால் பாரம் அழுத்தித் தலை சுற்றும், இடது பக்கம் ஒருக்களித்தால் சரியாகிவிடும். எல்லாம் தெரியும். ஆனால் என் நெஞ்சு படபடத்தவுடன் படித்ததெல்லாம் பறந்துபோய்விட்டது. "எனக்கு ஹார்ட்டில் ஏதோ ஆகிவிட்டது" என்று நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டையே ஒரு கலக்குக் கலக்கினேன். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "போய்ச் சாப்பிட்டுத் தூங்கம்மா" என்றார். வெகுநாள் வரை அந்த ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டாலே நெஞ்சைப் பிடித்துக்காட்டிச் சிரிப்பார்கள்.

ஆனால் அதே வார்டில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டாம் மாதம். வாயோரம் ரோஜா நிறத்தில் நுரை. ஆஸ்துமா என்று சொல்லி வெளியில் பல நாள் மருந்து கொடுத்திருந்தார்கள். இதயத்தில் வால்வு சுருங்கிக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அவளும் போனாள், குழந்தையும் போனது. அவள் புருஷன் என்னிடம் வந்து, "மாசமா இருந்தா மூச்சு வாங்கும்னுதானுங்க எல்லாரும் சொன்னாங்க" என்றான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பஞ்சு

சுகன்யா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் மூலையில் இருந்த மஞ்சுளா இருமினாள்.

சின்ன இருமல்தான். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஆனால் இருமி முடித்ததும் தோள்கள் ஏறி இறங்கின. உட்கார்ந்தே இருந்தவளுக்கு எதற்கு அப்படி மூச்சு வாங்க வேண்டும்?

"உனக்கு என்ன கண்ணு?"

"அவளுக்குப் பஞ்சுங்க" என்றார் ராமாத்தாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதைப் போல.

கம்பெனியில் பறக்கிற பஞ்சுத் தூசியின் மேல் எங்கள் ஊரில் போடாத பழியே கிடையாது. இருமினால் பஞ்சு. சோறு இறங்காவிட்டால் பஞ்சு. கண் சிவந்தால் பஞ்சு. பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால்தான் ஆபத்து.

மஞ்சுளா ஒரு பனியன் கம்பெனியில் கைமடி. டைலர் பக்கத்தில் நின்றுகொண்டே பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கி, கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடக்கிற வேலை. ஐந்தாம் மாதம் இருமல் வந்திருக்கிறது. பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்று செக்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இருமல் குறைந்துவிட்டது. "பாத்தீங்களா, பஞ்சேதான்!" என்று வீடே முடிவுகட்டிவிட்டது. அவள் நிற்பதும் தூக்குவதும் படி ஏறுவதும் நின்றதால் நெஞ்சுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு ஷிப்மெண்ட் நெருக்கியது. ஆள் பற்றவில்லை. மறுபடி லைனில் நிறுத்திவிட்டார்கள். இருமலும் திரும்பிவிட்டது, ராத்திரியில் அதிகமாக. பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்துமாவுக்கு வைத்திருந்த ஊதுகிற மருந்தை வாங்கி இழுத்திருக்கிறாள். இழுத்தால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டதாம்.

"படுத்தா மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க மேடம்."

"மாடி ஏறினா?"

"அது எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்க? சுகன்யாவுக்கும் இருக்குதுல்லங்க."

"சின்ன வயசுல ஏதாவது காய்ச்சல், மூட்டு வீக்கம், ஆஸ்பத்திரியில சேர்த்தது?"

மாமியாரை ஒரு கண் பார்த்தாள். "இல்லீங்க."

"சரி, மேல ஏறிப் படு. பார்த்துர்றேன்."

அவள் எழுந்து வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். படுக்கவில்லை. "பரவால்லீங்க மேடம், உக்காந்துட்டே பாருங்க" என்றாள்.

சுகன்யா சிரித்துவிட்டாள். "நங்கை எங்கீங்க படுக்குது? ஒரு மாசமா ஊட்டுல பிசிறு வெட்ட வெச்சிருக்கற பனியன் மூட்டை மேல சாஞ்சுட்டேதான் தூங்குது. படுத்து நான் பாக்கவே இல்லீங்க."

நங்கை என்றால் எங்கள் பக்கம் அண்ணி. அண்ணியைக் கேலி செய்வதாக நினைத்துத்தான் சுகன்யா அதைச் சொன்னாள். எனக்கோ அப்போதுதான் உறைத்தது. "படுத்தால் மூச்சு வாங்குதா" என்று கேட்டேன், இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. படுத்தால்தானே வாங்கும்?

மெயினை நிறுத்துங்க

நெஞ்சைக் கேட்க வேண்டும், உடனே கேட்க வேண்டும். அடுத்த டீ மணிக்கு நெடுநேரம் இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது உதவியது. செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்துக் கம்பெனிக்குள் போனேன். லைன் சூப்பர்வைசர் ஒரு தென்காசிக்காரர். டீ முடிந்து ஆட்களை அப்போதுதான் உட்கார வைத்திருந்தார்.

"தம்பி, ரெண்டு நிமிஷம் மெயினை நிறுத்துங்க."

"மேடம், இன்னைக்குக் கண்டெய்னர் போகணும். நிறுத்துனா முதலாளி என்னைய உரிச்சுப்புடுவாரு."

"உரிக்கட்டும், நான் தைச்சு விடறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருக்கா. அவ நெஞ்சை நான் கேட்டாகணும். நிறுத்தறீங்களா, நானே நிறுத்தட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். போய் மெயினை இறக்கினார். மின்விசிறிகளும் நின்றன. டைலர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். யாரோ இந்தியில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "சத்தம் போடாதீங்கலே" என்று சூப்பர்வைசரே அதட்டினார்.

ஓடி வந்து மஞ்சுளாவின் நெஞ்சில் வைத்தேன். முதல் சத்தம் அறைந்தது போல் விழுந்தது. அதற்குப் பிறகு, இதயம் விரிகிற நேரத்தில், தூரத்தில் வண்டி உருளுவதைப் போல ஓர் உறுமல். சுருங்கும்போது கேட்கிற மெல்லிய இரைச்சல் கர்ப்பத்தில் சகஜம். விரியும்போது கேட்கிற உறுமல் எந்தக் காலத்திலும் சகஜம் இல்லை. முதுகில் வைத்தேன். நுரையீரலின் அடியில் நீர் கொறகொறத்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வார்டில் பார்த்த அந்தப் பெண்ணின் கதிதான் இவளுக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ராமாத்தாளையும் சுகன்யாவையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவளை நிமிர்த்தி உட்கார வைத்து ஆக்சிஜன் போட்டேன். நீர் பிரிவதற்கு ஊசி போட்டேன். பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்டேன். "சின்ன வயசுல என்ன கண்ணு?"

முகமூடிக்குள் அழுதாள். "எட்டாவது படிக்கறப்ப முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சுங்க. தாராபுரத்துல பாத்தோம். இருதயத்துல கோளாறு இருக்குது, மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசி போட்டுட்டே இருக்கோணும்னாங்க. போட்டுட்டுத்தான் இருந்தோம். பொண்ணு பாக்க வந்தப்ப அம்மா நிறுத்திப் போட்டாங்க. ஊசி போடற புள்ளைன்னு தெரிஞ்சா எவனும் கட்ட மாட்டான்னு சொல்லி, யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அத்தைகிட்டச் சொல்லிப் போடாதீங்க மேடம்."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ இன்னைக்கே கோயமுத்தூருக்குப் போயாகணும்."

கட்டுச்சோறு

ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளாவுக்குக் கட்டுச்சோறு வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மாசமாக இருக்கிற மகளுக்கு வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்துப் போகிற நாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அடுத்தது அதுதான்.

"சொந்தபந்தம், ஒறம்பரைக்கெல்லாம் சொல்லியாச்சுங்களே டாக்டரம்மா. திங்கக்கெழமை போனா ஆவாதுங்களா?" நான் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் ராமாத்தாள் கேட்டார்.

"ஆகாது. அதுவரைக்கும் தாங்க மாட்டா."

"என்ற மவளும் இதையேதான சொன்னா? மூச்சு வாங்குது, நெஞ்சு அடிக்குதுன்னு. அவளுக்கு மோர் குடிச்சாப் போதும்னீங்க. மருமவளுக்கு மட்டும் பெரியாஸ்பத்திரிங்கறீங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

அந்தக் கேள்வி நியாயமானது. என் கோபம் அடங்கிவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "சுகன்யாவுக்கு வேலை செஞ்சா மூச்சு வாங்குது, நின்னா சரியாயிடுது. மஞ்சுளாவுக்கு உக்காந்திருக்கறப்பவே வாங்குது. சுகன்யா குறட்டை விட்டுத் தூங்கறா. இவளால படுக்கவே முடியலை. சுகன்யாவுக்கு இருமல் இல்லை. இவளுக்கு ராத்திரி இருமல் அதிகம். உங்க தோட்டத்துல மடை அடைச்சுக் கிடக்கறப்ப வாய்க்கால்ல தண்ணியைக் கூட்டி விட்டா என்ன ஆகும்?"

"பின்னால கரை மேல ஏறுமுங்க."

"இவ இதயத்துல மடை சின்னதாப் போச்சு. மாசமானதும் தண்ணி கூடிப் போச்சு. பின்னால நுரையீரல்ல ஏறிக்கிட்டிருக்கு."

அவர் மருமகள் இருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பஞ்சுன்னுதானுங்க இருந்தம்" என்றார். அப்போதும் போகலாம் என்று சொல்லவில்லை. "இவிய அம்மா டவுனுக்கு வளையல் எடுக்க வந்திருக்காங்க. வரட்டுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார்.

நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன். ராமாத்தாள் போனில் கூப்பிட, அது வருவதற்கு முன்பே மஞ்சுளாவின் அம்மா பாப்பாத்தி வந்துவிட்டார். கையில் வளையல் பை. மகள் முகத்தில் ஆக்சிஜனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க சம்மந்தி" என்றார் ராமாத்தாள். "டாக்டரம்மா நெஞ்சுல கோளாறுங்கறாங்க. எனக்குப் பஞ்சுன்னுதான் இன்னும் தோணுது. நீங்க பெத்தவங்க, நீங்களே சொல்லுங்க."

பாப்பாத்தி மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சத்தியம் பண்ணியவள் அவள், வாங்கியவர் இவர். நான் நடுவில் என்ன சொல்ல?

"பஞ்சு இல்லீங்க சம்மந்தி" என்றார் பாப்பாத்தி. "இவளுக்குச் சின்னதுலயே இருக்குதுங்க. ஊசி போட்டுட்டு இருந்தம். பொண்ணு பாக்க வந்தப்ப நாந்தான் நிறுத்திப் போட்டேன். என்ற கையாலயே என்ற புள்ளையக் கொல்லப் பாத்துட்டனுங்க."

ராமாத்தாளின் முகம் மாறியது. "முன்னாலயே ஏனுங்க சொல்லல?"

"சொல்லியிருந்தாக் கட்டியிருப்பீங்களா?"

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். ராமாத்தாள் சொல்லவில்லை.

"மாட்டமுங்க" என்றார். "கட்டியிருக்க மாட்டம்."

பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். செல்போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். "சிவா, ஞாயித்துக்கெழமைக்குச் சொன்னவங்களுக்கெல்லாம் வர வேண்டாம்னு சொல்லிப் போடு. ஏன்னு கேட்டா, உன்ற பொண்டாட்டிக்கு இருதயத்துல கோளாறு, கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறம்னு சொல்லு. ஆமா, அப்படியே சொல்லு. இனி ஒண்ணும் மறைக்க வேண்டாம்."

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கப் பார்த்தார்கள். "படுக்க வைக்காதீங்க!" என்று நான் கத்துவதற்குள், ராமாத்தாள் ஸ்ட்ரெச்சர் மேல் ஏறி உட்கார்ந்து, மருமகளைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். பாப்பாத்தி எதிரில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை அப்படியேதான் போனார்களாம்.

அதற்குப் பிறகு

சுருங்கிக் கிடந்த வால்வை அங்கே பலூன் வைத்து விரித்தார்கள். குழந்தை நாள் ஆவதற்கு முன்பே பிறந்தது. பெண். கையளவுதான் இருந்தது, கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் தேற்றினார்கள். தாயும் பிழைத்தாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு மஞ்சுளா என்னிடம் வந்து அழுதாள். அழ விட்டேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வால்வு மேலும் கெடாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசிக்கு இப்போதும் என் கிளினிக்குக்குத்தான் வருகிறாள். மாமியார் கூடவே வருவார். முதல் சில தடவை, காத்திருக்கும் இடத்தில் யார் கேட்டாலும் மஞ்சுளா, "சத்து ஊசிங்க" என்பாள். ராமாத்தாள் ஒன்றும் திருத்த மாட்டார், பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பார்.

போன மாதம் கூட்டம். கதவு திறந்திருந்தது. புதிதாக வந்த ஒரு பெண்மணி மஞ்சுளாவின் காதருகே குனிந்து, "என்ன ஊசி கண்ணு? வயசுப் புள்ளை, எப்ப பாத்தாலும் இங்க உக்காந்திருக்கற?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

மஞ்சுளா தலையைத் தூக்கினாள். அந்த இடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இருதயத்துக்குங்க. எட்டாவது படிக்கறப்ப இருந்தே போடோணும். நடுவுல நிறுத்திட்டாங்க, சாகப் போனேன். இனி நிறுத்த மாட்டேனுங்க."